ஆடியில் வந்த புழு

(இயற்பியல், 1987–90)

மலர்க் குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஹாஸ்டல் சாம்பார், கேன்டீன் பாக்கி, ஸ்டிரைக், இந்த மூணும் ஏற்கெனவே நிறைய வந்தாச்சு. நீ வேற ஏதாவது எழுதிக் கொடு" என்று கட்டளையிட்டார். எனக்குத் தெரிந்த வேற ஏதாவது ஒன்றே ஒன்றுதான். முப்பது வருடங்களுக்கு மேல் அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவன் நான். போன வருடம் நம் கல்லூரிக்கு வந்திருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "சார், ஆபீஸ் நெட்வொர்க் முழுக்க வார்ம் பரவிட்டா முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டார். "கேபிளைப் பிடுங்குவேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நேரமாகிவிட்டதால் அத்தோடு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பதில் பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன். அதில் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது. கொஞ்சம் என் சொந்தக் கணக்கும் இருக்கிறது.

எங்கள் காலத்தில் கம்ப்யூட்டருக்கென்று தனித் துறை கிடையாது. இயற்பியல் கட்டடத்து மாடியில் ஏ.சி. போட்ட ஓர் அறை, அதில் ஆறு பி.சி.க்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசியைப் போல வைரஸும் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும் என்று எங்களில் இரண்டொருவர் நிஜமாகவே நம்பினார்கள். அந்த அறைக்கு ஓர் அட்டெண்டர் இருந்தார். எல்லோருக்கும் அவர் லேப் அண்ணன். எட்டாவதோ ஒன்பதாவதோ படித்தவர். அவரிடம் ஒரு லாங் சைஸ் நோட்டு உண்டு. யார், எந்த மெஷின், எந்த பிளாப்பி, எத்தனை மணிக்கு வாங்கினான், எத்தனை மணிக்குத் திருப்பினான், எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடாமல் பிளாப்பி கிடைக்காது. எங்களுக்கு அது கேலிக்குரிய விஷயமாக இருந்தது.

ஒருநாள் ஒரு பிளாப்பியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பிரெய்ன்' என்று வந்து நின்றது. 1986-ல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய வைரஸ் அது. ஐ.பி.எம். வகைப் பி.சி.க்களில் முதலில் பரவியது அதுதான் என்பார்கள். அது எப்படியோ எங்கள் மாடி அறைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பேராசிரியர்கள் கூடி விவாதித்துக்கொண்டிருந்தபோது லேப் அண்ணன் நோட்டைப் பிரித்து, அந்த பிளாப்பி அந்த வாரம் எந்தெந்த மெஷினில் ஏறியது, அந்த மெஷின்களில் பிறகு வேறெந்த பிளாப்பிகள் ஏறின என்று ஒரு பட்டியல் போட்டு, பதினேழு பிளாப்பிகளைத் தனியே எடுத்து பீரோவில் பூட்டினார். சுத்தமான டாஸ் பிளாப்பியின் ஓரத்து வெட்டில் கறுப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். (பழைய ஐந்தேகால் அங்குல பிளாப்பியில் அந்த வெட்டை மூடிவிட்டால் எதுவும் எழுத முடியாது.) "எது சுத்தம்னு தெரியலேன்னா எல்லாத்தையும் அழுக்குன்னுதான் வெச்சுக்கணும் தம்பி" என்றார். பாத்திரம் கழுவுகிற விஷயம்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு வைரஸுக்கும் புழுவுக்கும் உள்ள வித்தியாசம் பாடத்திலேயே இருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வைரஸுக்குக் கால் கிடையாது. வேறொரு புரோகிராமிலோ பிளாப்பியிலோ ஒட்டிக்கொண்டு, யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் அடுத்த ஊர் போய்ச் சேரும். புழு தானே நடக்கும். நெட்வொர்க் கம்பியில் ஏறி அடுத்த கம்ப்யூட்டரின் கதவைத் தட்டி, ஓட்டை இருந்தால் உள்ளே போய், அங்கிருந்து அடுத்ததற்குக் கிளம்பிவிடும். யாரும் எதையும் கிளிக் செய்யக்கூட வேண்டாம். அதனால்தான் அலுவலகத்துக்குள் புகுந்தால் அத்தனை வேகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் புழுக்களில் சில நல்ல காரியத்துக்காகவே, ஒரு அலுவலகத்தின் சொந்த நெட்வொர்க்கில், அங்கே வேலை பார்த்தவர்களாலேயே விடப்பட்டன. கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி மையம் இருந்தது. இன்று நாம் பார்க்கிற மவுஸ், ஜன்னல்கள், ஈதர்நெட் எல்லாம் வளர்ந்த வீடு அது. 1970-களின் பிற்பகுதியில் அங்கே ஆல்டோ என்ற கம்ப்யூட்டர்கள் நூறு, ஈதர்நெட்டில் கோத்துக் கிடந்தன. பகலில் ஆட்கள் உபயோகித்தார்கள். ராத்திரியில் எல்லாம் சும்மா நின்றன. ஜான் ஷோக், ஜான் ஹப் என்ற இருவர், சும்மா நிற்கிற மெஷின்களைத் தேடிப் பிடித்து அவற்றில் பரவி வேலை செய்கிற புரோகிராம்களை எழுதினார்கள். ஒரு பகுதி செத்தால் மற்றப் பகுதிகள் வேறொரு மெஷினைப் பிடித்து இட்டு நிரப்பிக்கொள்ளும். ஜான் பிரன்னரின் 1975 நாவல் ஒன்றில் வரும் நாடாப்புழுவை வைத்து இதற்குப் புழு என்றே பெயர் வைத்தார்கள். ஒரு புழு எல்லா மெஷின்களிலும் கார்ட்டூன் படம் காட்டியது. ஒன்று குறித்த நேரத்துக்கு மனிதர்களைக் கூப்பிடும் அலாரமாக இருந்தது. ஒன்று ஈதர்நெட் சரியாக இருக்கிறதா என்று சோதித்தது.

ஒருநாள் ராத்திரி சின்னப் புழு ஒன்றை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். காலையில் வந்தால் கட்டடம் முழுக்க கம்ப்யூட்டர்கள் செத்துக் கிடந்தன. திரும்பக் கிளப்பினால் ஒழுங்காகக் கிளம்பும். கிளம்பியதும் 'இது சும்மா நிற்கிறது' என்று புழு வந்து ஏறும், ஏறியதும் அது மறுபடி சாகும். எங்கோ ஒரு பிரதி வழியில் கெட்டுப்போயிருக்கலாம் என்பது அவர்களுடைய ஊகம். முறையாக நிறுத்திப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த சில மெஷின்கள் பூட்டிய அறைகளுக்குள் இருந்தன. (இந்தப் பூட்டிய அறையை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், மறுபடியும் வரும்.)

ஆனால் அவர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தார்கள். புழுவை எழுதும்போதே, குறிப்பிட்ட ஒரு செய்தி நெட்வொர்க்கில் வந்தால் எல்லாப் பகுதியும் வேலையை விட்டுவிட வேண்டும் என்று ஒரு பிரேக் வைத்திருந்தார்கள். அந்தச் செய்தியை விட்டதும் புழு நின்றது. கட்டடம் முழுக்க நூறு கம்ப்யூட்டர்கள் ஊருக்கே தெரியும்படி செத்து நின்றன என்பது வேறு விஷயம். நடந்ததை அவர்கள் மறைக்கவில்லை. 1982-ல் ஏ.சி.எம். சங்கத்தின் பத்திரிகையில் கட்டுரையாகவே எழுதினார்கள். தங்கள் அசடு வழிந்த கதையைத் தாங்களே அச்சில் ஏற்றியதைத்தான் நான் ரொம்பவும் மதிக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அடுத்த பெரிய புழுவில் பிரேக் இல்லை. 1988 நவம்பர் 2-ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் அதை எம்.ஐ.டி. வழியாக விட்டார். மெயில் புரோகிராமில் ஓர் ஓட்டை, 'ஃபிங்கர்' என்ற சேவையில் ஓர் ஓட்டை, சுலபமாக ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுகள் என்று பல வாசல்களில் அது நுழைந்தது. ஒரு கம்ப்யூட்டரில் ஏற்கெனவே தன் பிரதி இருக்கிறதா என்று விசாரிக்கத்தான் செய்தது. ஆனால் யாராவது பொய்ப் பதில் சொல்லி ஏமாற்றிவிடுவார்களோ என்று, ஏழில் ஒரு தடவை பதில் எதுவானாலும் தங்கிவிடும்படி அவர் எழுதியிருந்தார். அந்த ஏழில் ஒன்றுதான் குடியைக் கெடுத்தது. பிரதி மேல் பிரதி ஏறி மெஷின்கள் மூச்சு முட்டி நின்றன. அப்போதிருந்த இணையத்தின் சுமார் 60,000 கம்ப்யூட்டர்களில் 6,000 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது குத்துமதிப்பு.

கேபிளைப் பிடுங்குவது பாதிப் பதில்தான் என்றேனே, அது இங்கேதான் தெரிகிறது. பயந்துபோன பல இடங்களில் வெளித்தொடர்பைத் துண்டித்தார்கள். சரியான காரியம்தான். ஆனால் பெர்க்லியிலும் எம்.ஐ.டி.யிலும் பர்டியூவிலும் ராப்பகலாக உட்கார்ந்து புழுவைப் பிரித்துப் பார்த்து, ஓட்டையை அடைப்பது எப்படி என்று கண்டுபிடித்தவர்கள் அதை அனுப்பியதும் அதே கம்பியில்தான். கம்பியைப் பிடுங்கியவனுக்கு மருந்து வரவில்லை. மாரிஸின் நண்பர் ஒருவர் ஹார்வர்டிலிருந்து, தடுப்பது எப்படி என்று பெயர் போடாமல் மன்னிப்போடு ஒரு செய்தி அனுப்பினார். மெயில் வழிகள் அடைபட்டிருந்ததால் அது வேண்டியவர்கள் கைக்குப் போய்ச் சேருவதற்குள் வேலை முடிந்திருந்தது. இந்த அனுபவத்துக்குப் பிறகு அதே மாதத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அவசர உதவிக் குழுவை அமைத்தார்கள். இருபத்துநாலு மணி நேரமும் ஆள் எடுக்கும் தொலைபேசி அதன் முக்கிய அங்கம். மாரிஸுக்கு 1990-ல் மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிற்பாடு அவர் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியரானார்.

இதையெல்லாம் நான் 2003-க்கு முன்பே படித்திருந்தேன். படித்திருந்தும் என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன்.

அப்போது நான் சென்னையில் வீட்டு உபயோகப் பொருட்களை மொத்த விநியோகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் சிஸ்டம்ஸ் பொறுப்பில் இருந்தேன். இரண்டு மாடி அலுவலகம், பின்னால் குடோன், கோயம்புத்தூரில் ஒரு கிளை. மைக்ரோசாப்ட் 2003 ஜூலை 16-ஆம் தேதி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி போன்றவற்றில் ஆர்.பி.சி. என்ற சேவையில் பெரிய ஓட்டை, உடனே ஒட்டுப் போடவும் என்று. எம்.எஸ்.03-026 என்று அதற்கு எண். ஒட்டு ஒரு பிளாப்பியில் அடங்கும் அளவுதான். ஆனால் ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து போட வேண்டும், போட்டபின் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், பழைய விண்டோஸ் 2000 என்றால் முதலில் சர்வீஸ் பேக் ஏற்ற வேண்டும். அதுவோ ஆடி பிறக்கிற நேரம். ஆடித் தள்ளுபடி மாதத்தில் எங்கள் பில்லிங் ஒரு நிமிஷம் நின்றால் கடைக்காரர்கள் வேறு டீலரிடம் போய்விடுவார்கள். ஒரு நோட் போட்டு ஜி.எம்.மிடம் எடுத்துப் போனேன். "ஆடி முடியட்டும்ப்பா. ஆவணியில போட்டுக்கலாம்" என்றார். நான் வாதாடவில்லை. 'ஆடி விற்பனை முடிந்தபின் செய்யப்படும்' என்று என் கைப்படவே எழுதி, அவர் இனிஷியல் வாங்கி ஃபைலில் போட்டேன். இன்டர்நெட் வருகிற வாசலில் ஃபயர்வால் இருக்கிறதே, 135-ஆம் எண் போர்ட்டை அங்கே அடைத்துவிட்டோமே, புழு எப்படி உள்ளே வரும் என்ற தைரியம்.

பிளாஸ்டர் புழு ஆகஸ்ட் 11-ஆம் தேதி உலகத்தில் கிளம்பியது. 13-ஆம் தேதி புதன்கிழமை காலை பத்தரை மணி சுமாருக்கு எங்கள் விற்பனைப் பிரிவில் ஓர் எக்ஸ்பி மெஷின், அறுபது விநாடியில் மூடப்போகிறேன் என்று எண்ண ஆரம்பித்தது. அடுத்து அதன் பக்கத்து மெஷின். அக்கவுண்ட்ஸிலிருந்து ஒரு அம்மா இன்டர்காமில், "சார், காப்பி பண்றது பேஸ்ட் ஆக மாட்டேங்குது" என்றார். நான் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. புழு கதவைத் தட்டும்போது விண்டோஸ் 2000-ஆ எக்ஸ்பி-யா என்று ஊகித்துத்தான் தட்டும். ஊகம் தப்பினால் ஆர்.பி.சி. சேவை படுத்துவிடும். எக்ஸ்பி அதற்காகத் தன்னையே மூடிக்கொள்ளும். 2000 மூடாது, ஆனால் பேஸ்ட் மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்கள் செத்துப்போகும். ஆக, அந்த அம்மா சொன்னதுதான் எங்களுக்கு முதல் சரியான துப்பு.

அடுத்து நான் செய்த காரியம் என்ன தெரியுமா? 'எல்லோரும் கம்ப்யூட்டரை அணைத்து நெட்வொர்க் கேபிளைக் கழற்றவும்' என்று அலுவலகம் முழுமைக்கும் ஓர் ஈ-மெயில் அடித்து அனுப்பினேன். 1988-ஐப் படித்தவன்! அது ஒருவருக்கும் போகவில்லை. நெட்வொர்க் அதற்குள் திணறிக்கொண்டிருந்தது, சுவிட்ச்சில் விளக்குகள் மினுக்காமல் ஒரேயடியாக எரிந்தன.

எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பினார். மெயின்டனன்ஸ் ஆள். கேபிள் இழுப்பதும் அவர் வேலை. "சார், மாடிக்கு மாடி போற ஒயரைக் கழட்டிட்டா ஒண்ணுக்கொண்ணு ஒட்டாதில்ல?" என்றார். ஓடினோம். மாடிகளை இணைக்கும் கேபிள்களை உருவி, அலுவலகத்தை ஏழு தீவுகளாக ஆக்கினோம். கோயம்புத்தூர் லைனையும் கழற்றினோம். ஆபீஸ் பையன்கள் துண்டுச் சீட்டுகளோடு மேஜை மேஜையாகப் போனார்கள். பதினொன்றரைக்குள் பரவுவது நின்றுவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பில்லிங்கும் நின்றுவிட்டது. டெஸ்பாட்ச்சில் இருந்த விண்டோஸ் 98 மெஷின்கள் மட்டும் இந்தப் புழுவுக்கு ஆகாதவை, தெம்பாக இருந்தன. ஆனால் சர்வரை எட்ட முடியாமல் அவை இருந்தும் பிரயோஜனமில்லை. வாசலில் ஐந்து லாரிகள். பீரோவிலிருந்து பழைய கார்பன் பில் புத்தகங்களை எடுத்து கையால் எழுத ஆரம்பித்தோம்.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் கேபிளைக் கழற்ற வேண்டும். பிறகு ஓடிக்கொண்டிருக்கும் புழுவைக் கொன்று, 'எம்எஸ்பிளாஸ்ட்' என்ற ஃபைலையும் ஸ்டார்ட்டில் அது எழுதிவைத்த வரியையும் அழிக்க வேண்டும். பிறகு சி.டி.யிலிருந்து ஒட்டு, ரீஸ்டார்ட், மறுபடி சோதனை. கேபிள் சொருகியபடியே புழுவை மட்டும் கொன்றால், ஓட்டை அப்படியே இருப்பதால் நாம் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பக்கத்து மெஷினிலிருந்து மறுபடி வந்திருக்கும். எங்கள் பையன் ஒருவன் ஒரே மெஷினை மூன்று தடவை சுத்தம் செய்தான். முடிந்த மெஷினில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒரு தீவில் எல்லா மெஷினும் பச்சையானால்தான் அந்தத் தீவை அடுத்ததோடு சேர்ப்பது என்று முடிவு செய்தோம். புதன், வியாழன் ராத்திரி முழுக்க. வெள்ளிக்கிழமை ஆகஸ்ட் 15, விடுமுறை. கீழே கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மேலே நாங்கள் சி.டி.யோடு அலைந்துகொண்டிருந்தோம்.

என் பட்டியலில் 212 மெஷின்கள். 212-லும் பச்சை ஒட்டியாகிவிட்டது. எல்லாத் தீவுகளையும் சேர்க்கலாம் என்றபோது எலக்ட்ரீஷியன் அண்ணன் தலையைச் சொறிந்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு நோட்டு எடுத்தார். லாங் சைஸ் நோட்டு! எந்தச் சுவர் முனை, எந்த ஒயர், யார் மேஜை, என்றைக்கு இழுத்தது என்று வரிசையாக எழுதியிருந்தார். அதில் 219 இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். இரண்டு ராத்திரி தூங்காதவனுக்கு வரும்.

ஏழில் ஆறைச் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்தோம். ஒன்று ஜி.எம். அறையில் திரை மறைவில் இருந்தது, அவருடைய மகன் லீவில் விளையாடுவதற்காக வைத்தது. ஏழாவது குடோனின் உள்ளறையில். அறை பூட்டியிருந்தது. சாவி குடோன் கீப்பரிடம், அவர் மூன்று நாள் லீவில் திண்டிவனம் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தார். பாலோ ஆல்டோ நினைவுக்கு வந்தது. சுவிட்ச் முனையில் அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு, சனிக்கிழமை காலை அலுவலகத்தைத் திறந்தோம். மைக்ரோசாப்டின் அப்டேட் முகவரி ஒன்றைத் தாக்குவதற்குப் பிளாஸ்டர் குறித்து வைத்திருந்த நாளும் அதே 16-ஆம் தேதிதான். அவர்கள் அந்த முகவரியையே கைவிட்டுத் தப்பித்துக்கொண்டார்கள்.

கதை அங்கே முடியவில்லை. ஆகஸ்ட் 18-ஆம் தேதி இன்னொரு புழு கிளம்பியது. நாச்சி என்றும் வெல்சியா என்றும் பெயர். இது பிளாஸ்டரைத் தேடிப் போய் அழித்துவிட்டு, மைக்ரோசாப்டிலிருந்து ஒட்டைத் தானே இறக்கிப் போட்டுவிட்டு, 2004 பிறந்தால் தன்னையும் அழித்துக்கொள்ளும். யாரோ ஒரு புண்ணியவான் எழுதிய 'நல்ல' புழு. ஆனால் அடுத்த கம்ப்யூட்டர் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க அது அனுப்புகிற 'பிங்' விசாரிப்புகளிலேயே நெட்வொர்க்குகள் மூழ்கின. ஷோக்கும் ஹப்பும் வைத்ததுபோல வெளியிலிருந்து அழுத்தக்கூடிய பிரேக் இதில் இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையில் விசா மனுதாரர்களின் பெயர்களைச் சரிபார்க்கும் கணினியமைப்பு செப்டம்பரில் சில மணி நேரம் முடங்கியதற்கும் இந்தப் புழுவைத்தான் காரணமாகச் சொன்னார்கள். நம்மவர்களில் அந்த வாரம் விசாவுக்குப் போன யாராவது இதைப் படிக்கக்கூடும்.

எங்களுக்கு அது கோயம்புத்தூர் வழியாக வந்தது. அங்கே தொலைபேசியில் சொல்லிச் சொல்லித்தான் சுத்தம் செய்தோம், பத்துப் பன்னிரண்டு மெஷினுக்கு ஒட்டுப் போடாமலே 'ஆச்சு சார்' என்றிருந்தார்கள். குடோன் கீப்பர் வேறு திங்கட்கிழமை திரும்பி வந்து, நெட்வொர்க் வரவில்லை என்று புகார் செய்ய, எங்கள் பிரிவிலேயே ஒருவர் நல்லெண்ணத்தோடு அந்த ஒயரை மறுபடி சொருகிவிட்டார். குச்சிபோன்ற 64 கே லைன் அடைத்துக்கொண்டது. ரௌட்டரில் பிங்கைத் தடுத்து, ஒவ்வொரு மெஷினாக மறுபடி போனோம். கடிகாரத்தை 2004-க்குத் தள்ளி வைத்தால் தானே செத்துவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார், அது உண்மையும்கூட. அக்கவுண்ட்ஸ் ஆபீசர் கையெடுத்துக் கும்பிட்டார். "வவுச்சர்ல 2004-ன்னு விழுந்தா ஆடிட்டருக்கு யாருங்க பதில் சொல்றது?"

இனி சொல்ல வேண்டியதை இருபது வருடங்களுக்கு மேல் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் விசாரணைக் கூட்டம். ஃபயர்வால் இருந்தும் புழு எப்படி உள்ளே வந்தது என்பதுதான் ஜி.எம். கேட்ட முதல் கேள்வி. பதில் என்னிடம் தயாராக இருந்தது. விற்பனைப் பிரிவின் ஒரு லேப்டாப். அதை வைத்திருந்தவர் முந்தின ராத்திரி வீட்டில் டயல்-அப்பில் ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறார், அங்கே பிடித்துக்கொண்டது, காலையில் அலுவலக நெட்வொர்க்கில் சொருகினார். அவ்வளவும் உண்மை. வீட்டில் கனெக்ட் செய்யக் கூடாது என்று எந்த விதியும் எங்களிடம் இருக்கவில்லை. சொல்லப்போனால் அவர் ராத்திரி பதினொரு மணிக்கு ஆபீஸ் வேலைதான் பார்த்திருக்கிறார். ஒட்டு போட்டிருந்தால் அந்த லேப்டாப்புக்கே புழு வந்திருக்காது. ஒட்டைத் தள்ளிவைத்த நோட்டு என் ஃபைலில், என் கையெழுத்தில் இருந்தது. கூட்டத்தில் ஃபைல் என் மடியில்தான் இருந்தது. நான் திறக்கவில்லை. ஜி.எம்.மும் ஞாபகப்படுத்தவில்லை. அவருக்கும் அதில் இனிஷியல் இருந்தது.

அந்த லேப்டாப்காரர் நம் கல்லூரி, 1996–99 பேட்ச். வேலைக்குச் சிபாரிசு செய்ததே நான்தான். அவருக்கு மெமோ கொடுத்தார்கள். "என்னண்ணே, எனக்கு ஒண்ணும் புரியலையே" என்று என்னிடம்தான் வந்து கேட்டார். "பார்த்துக்கலாம்ப்பா" என்றேன். தீபாவளிக்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். பெங்களூரில் வேறு வேலை கிடைத்து நன்றாகவே இருந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அது எனக்குச் சௌகரியமான செய்தி, அவ்வளவுதான்.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கான்ஃபிக்கர் 2008 நவம்பரில் வந்தது, அதற்கான ஒட்டு அக்டோபரிலேயே வந்திருந்தது. வானாக்ரை 2017 மே 12-ஆம் தேதி வந்தது, ஒட்டு மார்ச்சிலேயே வந்திருந்தது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் தவித்தன. வானாக்ரைக்குள் யாருமே பதிவு செய்யாத ஓர் இணைய முகவரி எழுதப்பட்டிருந்தது. ஓர் இளைஞர் அதைச் சில டாலர் செலவில் பதிவு செய்ததும் புழுவின் ஓட்டம் நின்றது. மறுபடியும் ஒரு பிரேக், ஆனால் தெரியாமல் தொட்ட பிரேக். அந்த நாளில் நான் வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். ஒட்டு ஏப்ரலிலேயே போட்டாகிவிட்டது. அங்கே பெரிய அதிகாரி "க்வார்ட்டர் முடியட்டுமே" என்றுதான் ஆரம்பித்தார். 2003 ஜூலையில் நான் எழுதிய நோட்டின் நகலை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். அதுவரை அந்தக் காகிதத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை.

லேப் அண்ணன் இப்போது இல்லை. அவருடைய நோட்டுகள் இயற்பியல் துறை பீரோவில் இருக்கலாம் என்று போன வருடம் தேடினோம், 1989-ம் வருடத்து நோட்டு ஒன்று மட்டும் கிடைத்தது. சங்க அறையில் வைத்திருக்கிறார்கள். சந்திப்புக்கு வருகிறவர்கள் பார்க்கலாம், உங்கள் கையெழுத்தும் அதில் இருக்கும்.

1996–99 பேட்ச் தம்பியின் தற்போதைய விலாசம் சங்கத்திடம் இருக்கிறது. மலரின் ஒரு பிரதியை, கூடவே அந்த நோட்டின் நகல் ஒன்றையும் வைத்து, அவருக்கு என் பெயரிலேயே தபாலில் அனுப்பும்படி மலர்க் குழுவிடம் சொல்லியிருக்கிறேன். தபால் செலவு கொடுத்துவிட்டேன்.